முருங்கை இலை போட்ட மார்ஜரின்

எமில்டாவின் வலது கட்டைவிரல் ஒன்பது வருஷமாக மார்ஜரினை அமுக்கிப் பார்க்கிறது. சாயர்புரத்தை அடுத்த புதுக்கோட்டை பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலை. துறைமுகத்தில் வந்திறங்கும் பாமாயில் அங்கே, கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் போடும் மார்ஜரினாக மாறும். ஆய்வகத்தில் இவள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி லாரியில் ஏறும். மேனேஜருக்குக்கூட இல்லாத அந்த அதிகாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

டிசம்பர் இரண்டாம் வாரம் சாயர்புரத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஜெயகணேஷ் ஒரு வாளியோடு மேனேஜர் அறைக்கே வந்துவிட்டார்.

"சார், இது மார்ஜரினா, ஆத்து மணலா? சீனி போட்டு எவ்வளவு நேரம் அடிச்சாலும் பொங்க மாட்டேங்கு. கேக்கெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கிறிஸ்மஸ் ஆர்டருக்கு நான் என்ன செய்ய?"

மேனேஜர் கிளாட்வின் பில்லில் பெட்டி எண்ணைப் பார்த்தார். கையெழுத்து எமில்டாவுடையது. விசாரணை கிசாரணை எதுவுமில்லை. வேலைநீக்கக் கடிதத்தை அடித்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். "பாத்துட்டு வா, பேசுவோம்" என்றதெல்லாம் ஒரு பேச்சுக்கு.

எமில்டா வாளியை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போனாள். வாளியிலிருந்து துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நல்ல மார்ஜரினில் பொடிப்பொடி ஊசிகளாகக் கொழுப்புப் படிகங்கள் பின்னிக்கொண்டு வலை போலிருக்கும். எண்ணெயைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். அடிக்கும்போது உள்ளே போகும் காற்றையும் அது விடாது. அதற்காகத்தான் ஆலையில் உருகிய கொழுப்பைச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதே பெட்டியிலிருந்து முன்பே அவள் எடுத்துவைத்திருந்த மாதிரியில் வலை ஒழுங்காக இருந்தது. வாளியில் வலையே இல்லை. பெரிய பெரிய உருண்டைகள், தனித்தனியாக. யாரோ உருக்கி, மெதுவாக ஆறவிட்டிருக்கிறார்கள்.

சொன்னால் யார் நம்புவார்கள்? வாளியை அடிவரை கரண்டியால் கிளறினாள். கருகிய இலை ஒன்று வந்தது. அவள் வீட்டிலும் வாரந்தோறும் வெண்ணெய் உருக்கும்போது பார்க்கிற இலைதான்.

மேனேஜர் அறைக்குத் திரும்பி இலையை மேசைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, வீட்டுல யாராச்சும் இத உருக்கினாங்களா?"

"மார்ஜரின யாரும்மா உருக்குவா?" என்றவர் இலையைப் பார்த்ததும் குரலிறங்கி, மனைவி சீனித்தாய்க்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது அவர் செய்த தப்பு.

"நான்தான் உருக்கினேன். நீங்க திருச்செந்தூர் போனியள்லா, அன்னைக்கு. ஒரே கம்பெனி வாடை. முருங்கை இலை போட்டு எறக்கி, மூடி வச்சு நிதானமா ஆறவிட்டேன். நெய் மாதிரி மணல் மணலா உறைஞ்சிருக்கு, பாத்தியளா?"

பாவம், பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டாள். நெய்க்கு மணல் அழகு. கேக்குக்கு அதுதான் எமன் என்று அவளுக்கு யார் சொன்னது?

"சாயர்புரத்துல யார்ட்டயும் சொல்லிராதீங்கம்மா" என்று எமில்டாவிடம் முனகிவிட்டு, ஜெயகணேஷ் புதிதாக இரண்டு பெட்டி கேட்டார்.

"நம்ம எமில்டான்னா சும்மாவா!" கிளாட்வின் பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளப் போனார்.

எமில்டா சிரிக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கையை நீட்டினாள்.

"அத இங்கன குடுங்க சார். இனி அது எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் கொடுக்கும்வரை நீட்டிய கையை எடுக்கவில்லை.