சீட்டு வைத்த பக்கம்

வலங்கைமான் கடைத்தெருவில் பாயின் ஜவுளிக்கடை வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மூடினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். தொழுகை முடிந்து அவர் வந்ததும், உள்ளே ஜமக்காளத்தில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து அந்த வாரம் படித்ததைப் பேசுவோம். பாய், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வகுப்பில்லாத பள்ளி ஆசிரியனான நான், ஒரு மிராசுதார், அவருடைய இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிட்டவர். நான்கு புத்தகங்கள் எங்களுக்குள் சுற்றிவரும். யோசிக்க வைத்த பக்கத்தில் ஒரு சீட்டு வைத்து அடுத்தவரிடம் தர வேண்டும். அதை யாரும் எடுக்கக் கூடாது. எந்தப் புத்தகம் யாரிடம் என்று நான் எழுதிவைத்த நோட்டு இன்னும் இருக்கிறது.

குத்தகைக்காரர்களைப் பதிவுசெய்யும் சட்டம் வந்த சமயம் அது. நிலத்தைத் தானே பயிரிடுவதாக மிராசுதார் எழுதிக் கொடுத்திருந்தார். குத்தகைக்காரர் பதிவு கேட்டு மனுப் போட்டிருந்தார். ஆனாலும் ஜமக்காளத்தில் கதையைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்வார்கள்.

"அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போயிருக்க வேணாங்க" என்பார் மிராசுதார்.

"இருந்தா ஐயா வீட்டுல சோறு போடுவீங்களா?" என்பார் குத்தகைக்காரர்.

"கதையில வர்ற எல்லாருக்கும் போட்டா என் பத்தாயம் தாங்குமாய்யா?"

"ரெண்டு பேரும் தாசில்தாரை இங்க கூட்டியாந்துடாதீங்க" என்று பாய் சிரிப்பார்.

குத்தகைக்காரரின் புத்தகம் பாய்க்குப் போய், அதன் பிறகே மிராசுதாருக்குப் போகும்படி நான்தான் வரிசை வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பாய் ஊரில் இல்லை. கப்பலேறும் மைத்துனரை வழியனுப்ப மெட்ராஸ் போயிருந்தார். குத்தகைக்காரரும் நடவு என்று புத்தகத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். வரிசை நிற்கக் கூடாதே என்று அதை நேராக மிராசுதாரிடம் கொடுத்து, நோட்டிலும் எழுதினேன்.

பாய் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டு, ஞாயிறு காலை குத்தகைக்காரர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், அதுல வச்சது சீட்டு இல்ல. ஐயாவோட அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்த குத்தகைக் கடுதாசி. தாலுகா ஆபீசுல செல்லுமான்னு பாய் பாத்துச் சொல்லட்டும்னு வச்சேன். வேற அத்தாட்சி கிடையாது. வியாழக்கிழமை விசாரணை."

மிராசுதாரிடம் போய்க் கேட்டால், கவனிக்காதவரும் கவனித்துவிடுவார். கேட்காவிட்டால் புத்தகம் வெள்ளிக்கிழமைதான் திரும்பும். இரண்டுக்கும் துணிவில்லாமல் மூன்று நாள் கழிந்தது. என் ஒழுங்கின் மேல் எனக்கிருந்த பெருமை அந்த மூன்று நாளில் போயிற்று.

புதன் மாலை மிராசுதார் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திப் புத்தகத்தை நீட்டினார்.

"சீட்டு வச்ச பக்கம் வரைக்கும்தான் படிச்சேன் சார். நாளைக்கு அவருக்கு இது வேணுமே. குடுத்துடுங்க."

கடிதம் அதே பக்கத்தில், பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எங்க அப்பா கையெழுத்த நான் எப்படி சார் இல்லைங்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விசாரணையிலும் அப்படியே சொன்னார். குத்தகை பதிவானது. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவர் வரவில்லை. ஜமக்காளத்தில் அவர் இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்தோம், பேச்சு ஓடவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்து, "அந்தப் புத்தகம் யாருகிட்ட இருக்கு? மீதியப் படிக்கணும்" என்றார்.

நான் நோட்டைப் பிரிப்பதற்குள் குத்தகைக்காரர் இடையில் உட்கார்ந்திருந்த பாயைத் தாண்டிக் கை நீட்டி அவரிடமே கொடுத்தார். அதே பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தார்.