மீன் பொரித்த இடத்தில் பூச்சு ஒட்டுமா?

கனடாவில், அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டில் மீன் பொரிப்பது கராஜ் வாசலில்தான். உள்ளே பொரித்தால் குளிர்கோட்டெல்லாம் மணக்கும். அதனால் கார் விடும் டிரைவ்வேயின் தாரில் எண்ணெய்க் கறை. வெடிப்பும் விழுந்து, இன்னொரு பனிக்காலம் தாங்காத நிலை.

போன கோடையில் ஒருவர் கதவைத் தட்டினார். பக்கத்துத் தெருவில் பூசிய தார்ப்பூச்சு மிச்சம் இருக்கிறதாம், உடனே பூசித் தருவாராம். கணவர் தலையாட்டிவிட்டார். நான் எண்ணெய்க் கறையைக் காட்டி, இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கறுப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. ஒருமுறை அடுப்படிச் சுவரைக் கழுவாமல் பெயின்ற் அடித்து, அது வெங்காயத் தோல் மாதிரி உரிந்ததைப் பார்த்தவள் நான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

"வலிய வந்த மனுசனைக் கலைச்சுப்போட்டீர்" என்று கணவர் முகத்தை நீட்டினார். அந்த ஆள் நேரே முன்வீட்டுக்குப் போய்ப் பூசினார்.

நாங்கள் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு கொம்பனியைக் கூப்பிட்டோம். அவர்கள் எண்ணெயைக் கழுவி, கறைமேல் தனிப்பூச்சு அடித்து, வெடிப்புகளை அடைத்த பிறகுதான் தார்ப்பூச்சில் கை வைத்தார்கள். காயும்வரை டிரைவ்வேயின் குறுக்கே கயிறு கட்டிக் காரைத் தெருவில் விடச் சொன்னார்கள்.

பனியும் அது உருகத் தூவிய உப்பும் போய் வசந்தம் வந்தது. முன்வீட்டுப் பூச்சு கார் ரயரோடு உரிந்து போனது. எங்களுடையது புதுக் கரும்பலகை மாதிரிக் கிடந்தது!

"நான் பிடிச்ச கொம்பனி" என்று கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். காட்டட்டும். இப்போது மீன் பொரிக்கிற நாளில், நான் சட்டியோடு கராஜுக்கு வர முன்னமே அடுப்பின் கீழ் பழைய அட்டைப்பெட்டி விரித்திருக்கும். விரிக்கிறவர் அவர்தான்.