தறிக்குழியில் ஒரு விருந்தாளி

எலி விரட்ட வந்தவர் ஒல்லியாக, சட்டைப்பையில் டார்ச்சோடு இருந்தார். கையில் கூண்டு இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கொஞ்சம் சிமெண்டும்தான். எலி என்ற சொல்லே அவர் வாயில் வராது.

"அவரு எந்தப் பக்கம் வர்றாரு?"

நான் கட்டில்மேல் நின்றபடி, நெய்யும்போது காலைத் தொங்கவிடும் தறிக்குழியைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. ஐம்பது வயது நெசவாளி நான், இரண்டு நாளாகக் குழிக்குள் காலை விடப் பயந்து கட்டிலில் நின்றேன்.

அவர் குழிக்குள் டார்ச் அடித்தார். "முறுக்குத் தூளா கெடக்குதே. நெய்துகினே தின்னுவீங்களா?"

"தெனம் விருந்து வெச்சுகினு கீறாருண்ணா" என்றாள் என் மனைவி.

"மருந்து வாங்கி வெச்சிருக்கேங்க" என்றேன் வீரமாக.

"வேணாங்க. செவுத்துக்குள்ள போய்ச் செத்தாருன்னா நாத்தம் பட்டுல ஏறிடும். கல்யாணப் பொண்ணு கட்டிக்குமா?"

குழியைக் கூட்டிவிட்டுத் தறிக்கட்டையைத் தட்டினார். எலி என் கட்டிலுக்கடியில் பாய்ந்து வாசலைத் தாண்டியது. என் அலறலில்தான் அது ஓடியது என்று மனைவி இன்றும் சொல்கிறாள். அவர் குழிச்சுவரில் இருந்த பொந்தில் நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினார்.

"இப்ப காலை விடுங்க."

"மொதல்ல நீங்க விடுங்க."

அவர் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்து நெய்யும் பலகையில் உட்கார்ந்து, வெறுங்காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, ஒரு டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். எழுந்தபோதுதான் பார்த்தேன், இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

எப்படிப் போனது என்று கேட்டிருந்தால் அந்தப் புடவை இன்றும் பாதியில்தான் நிற்கும். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலை விட்டேன்.