பையோடு இறங்கி வந்த பெண்

மழை வெள்ளத்தில் ஐ.டி. ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதற்கு அடுத்த கோடை. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில் கேட் வாட்ச்மேனாக இருந்தேன். என் வீடு இருக்கும் மர்பி டவுனிலிருந்து பஸ் மாறி மாறிப் போகவேண்டும். என் வயதுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அங்கே ஒரு ரூல். வீட்டுவேலை செய்கிற பெண் பையோடு வெளியே போனால், வீட்டம்மாவுக்குப் போன் போட்டு, அவர் சரி என்றால்தான் கேட்டைத் திறக்கலாம். திருட்டுக்குப் பயந்து வைத்த ரூல். நானும் எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மத்தியானம் சமையல்காரம்மா ஒருவர் வேலை முடித்துக் கிளம்பி வந்தார். பின்னாலேயே ஒரு வடக்கத்திப் பெண், துணிப்பையோடு. மேல்மாடி வீட்டில் தங்கி வேலை செய்கிறவள். வந்த நாளுக்கு அப்புறம் அவளைக் கீழே பார்த்ததே இல்லை.

போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வைங்கண்ணே போனை," என்றார் சமையல்காரம்மா. "அவ என்ன ஃப்ரிட்ஜையா தூக்கிட்டுப் போறா?"

எனக்கு இந்தி வராது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தோடு பழகியதில் வந்த தக்கனி உருது உண்டு. அந்த பாய் வீட்டம்மா திட்டிக்கொண்டேதான் சோறு போடுவார், என்ன ருசி! அது இருக்கட்டும். "க்யா ஹுவா, பேட்டி?" என்று, என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்.

ஏஜெண்ட் ஒருவன் ஜார்க்கண்டிலிருந்து கூட்டிவந்தானாம். ஆதார் கார்டையும் போனையும் வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டாராம். வீட்டுக்காரர்கள் வெளியே போனால் அவளை உள்ளே வைத்துப் பூட்டுவார்களாம். அம்மாவோடு பேசக்கூட விடவில்லை. அன்றைக்குப் பூட்ட மறந்துவிட்டார்கள்.

கேட்டைத் திறந்தேன். சமையல்காரம்மா அவளை ஆட்டோவில் ஏற்றி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டம்மா கேட்டில் நின்று கத்தினார். "என்னைக் கேக்காம எப்படி விட்டீங்க? மக மாதிரி வெச்சிருந்தோம்!"

"மகளை யாராவது உள்ள வெச்சுப் பூட்டுவாங்களாம்மா?" என்றேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் என் காலை மிதித்தான்.

போலீஸ் வந்து கார்டையும் போனையும் வாங்கிப் போனது. அவள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னைக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு மாற்றினார்கள். சரியான கொசுக்கடி. ரூல் அப்படியேதான் இருந்தது.

உங்கள் கேட்டில் நிற்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள். பையோடு ஒரு பெண் வந்தால், வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்னால், "எங்கம்மா போற?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.