தீவுக்குப் போன கூரையும் ஃபிட்டர் அருள்நாதனும்

அருள்நாதனப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல என்னப் பத்திச் சொல்லணும். நான் கோதண்டம். ஒரகடம் ரோட்டுல பாண்டுரங்கன் முதலாளியோட இரும்பு ஷெட்டுக்கு வாட்ச்மேன். சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அதுலயும் ஓவர்டைம் பார்த்துட்டேன், அங்கதான் வந்துச்சு வினை.

அருள்நாதன் படப்பைக்காரன். சின்ன வயசுல அப்பா போயிட்டாரு. லாரி பட்டறையில சம்மட்டி அடிச்சு, எந்த ஸ்கூலும் கத்துக்குடுக்காமலே ஃபிட்டர் ஆனவன். வேல அவ்ளோ சுத்தம். ஆனா வாயத் தொறக்க மாட்டான். பேசாத ஆளக் கண்டாலே எனக்கு ஆகாது. உள்ள இன்னா வச்சிக்கினு கீறானோன்னு தோணும்.

எண்பத்து நாலுல அந்தமானுக்கும் அப்பால ஒரு குட்டித் தீவுலேர்ந்து ஆர்டர் வந்துச்சு. விளையாட்டு பழக ஒரு பெரிய கொட்டாய். அங்க பாதி வருசம் மழையாம், பசங்களுக்கு வாலிபால் ஆடக்கூட எடமில்லியாம். "நடுக்கடல்ல பந்து ஆடறதுக்குக் கூரையா? யாரு காதுல பூ சுத்தறீங்க?"ன்னு முதலாளியையே கேட்டேன். கடத்தல் சரக்குக்கு குடோன் கட்டறானுங்கன்னு ஷெட்டு முழுக்க சொல்லிக்கினு திரிஞ்சேன்.

தீவுல கிரேன் கெடையாது. அதனால கூரைச் சட்டத்த நாலு பேரு தூக்கற துண்டுகளா செஞ்சு, இங்க ஒருவாட்டி பூட்டிப் பார்த்து, கழட்டி அனுப்பணும். ஒரு துண்டோட ஓட்டை அதோட ஜோடிக்குத்தான் சேரும், வேற எதுக்கும் சேராது. எது எதுக்கு ஜோடின்னு ஒவ்வொரு முனையிலயும் நம்பர் அச்ச வச்சு சுத்தியால குத்தறது அருள்நாதன் வேல.

அந்த நேரத்துல அவன ரெண்டுவாட்டி டீக்கடையில பார்த்தேன், எதிர் ஷெட்டு மேனேஜரோட. சரி, ஆளு விலை போயிட்டான்னு முடிவே கட்டிட்டேன்.

ஆயுத பூஜைக்கு மொத நாள் மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு அவன் வாலாஜாபாத் போயிட்டான். ஷெட்டே பளபளன்னு இருக்கணும்னாரு முதலாளி. மெஷினு, மேசை, தராசு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சோம். தீவுக்குப் போற சட்டத்தயும் நான் வுடல. முனையெல்லாம் துருப் புடிச்சு அம்மைத் தழும்பாட்டம் பள்ளம் பள்ளமா இருந்துச்சு. அசிங்கமா கீதேன்னு நானே பட்டி வச்சு அடைச்சு, மேல ரெண்டு கோட்டு அடிச்சு, சந்தனம் குங்குமமும் வச்சேன். பார்க்கவே அழகா இருந்துச்சு.

பூஜை முடிஞ்சு மறுநாள் சரக்கச் சோதிக்கற இன்ஸ்பெக்டர் வந்தாரு. நாலு நாள்ல கப்பல். அத வுட்டா ரெண்டு மாசம் ஆவும், ஆர்டரும் கேன்சல். "ஜோடி நம்பர் எங்கய்யா?"ன்னாரு. முதலாளி மூஞ்சி செத்துப் போச்சு. நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம். "அருள்நாதன் குத்தவே இல்ல சார். எதிர் ஷெட்டுக்காரன் பேச்சக் கேட்டு நம்மள கவுத்துட்டான்"னு போட்டுக் குடுத்தேன்.

மறுநாள் காலையில ஊர்லேர்ந்து வந்த அருள்நாதன கேட்டுலயே நிறுத்தினேன்.

"உனக்கு இனிமே உள்ள வேல இல்ல."

"இன்னாண்ணே, வெளையாடறியா?"

விஷயத்தச் சொன்னேன். அவன் பதறவே இல்ல. "நம்பரு கீதுண்ணே. அஞ்சு நிமிசம் உள்ள வுடு, காட்டறேன்."

வுட்டா புதுசா குத்தி வச்சுடுவான்னு நெனச்சேன். வுடல. உச்சி வெயில் வரைக்கும் நின்னுட்டுப் போயிட்டான்.

மத்தியானம் துண்டுகள நகர்த்தும்போது சங்கிலி ஒரசி ஒரு முனையில பெயிண்ட் பேந்துச்சு. பட்டியும் வுட்டு வந்துச்சு. உள்ள நாப்பத்தேழு. ஓடிப் போயி வேற துண்டுங்களச் சொரண்டினேன். எல்லாத்துலயும் நம்பர். தூக்கினவங்க யாரும் கவனிக்கல. கமுக்கமா இருந்திருக்கலாம், மனசு கேக்கல. முதலாளிகிட்ட போயி, "நான்தான் சார் பட்டி வச்சு அடைச்சேன்"னு சொல்லிட்டேன். அவரு திட்டுனத வெளிய சொல்ல முடியாது.

சைக்கிள மிதிச்சுக்கினு படப்பைக்கு ஓடினேன். வாசல்ல அவன் சம்சாரம் கிரேசி. "எதிர் ஷெட்டுல கூட சம்பளம் தரேன்னு மூணு மாசமா கூப்புடறாங்க. தீவு வேல முடியாம வரமாட்டேன்னு டீக்கடையிலயே சொல்லிட்டு வந்தாரு. அவருக்கா இந்தப் பேரு?"ன்னு கேட்டுச்சு.

அருள்நாதன் சட்டையை மாட்டிக்கினே வெளிய வந்தான். "அந்தத் தீவுப் பசங்களுக்காவ வரேன். உனக்காவ இல்ல."

ரெண்டு நாளா நான் சொரண்டினேன், அவன் ஜோடி சேர்த்துக் கட்டினான். லாரி துறைமுகத்துக்குக் கிளம்புனதும், வேலைய வுட்டுப் போவாதன்னு முதலாளி அவன் கையப் புடிச்சுக் கெஞ்சினாரு. "ஒத்துக்கினது முடிஞ்சுது சார்"னு சொல்லிட்டு நடந்தான்.

நான் கேட்டத் தொறந்து வுட்டேன். வெளிய போறவங்களத் தடவிப் பார்த்து அனுப்பறது என் டூட்டி. அன்னிக்கு எனக்குக் கை நீளல. மன்னிச்சுடு அருளுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் எனக்கு எதிர்ல நின்னு, ரெண்டு கையையும் தூக்கிக்கினான்.

"செக் பண்ணிக்கோண்ணே"ன்னான்.