மனைவி பார்க்காத முகத்துவாரம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் நான் ஆரையம்பதியிலிருந்து கதிரவெளிக்குப் போனேன். நாட்டில் சண்டை சில காலம் ஓய்ந்திருந்த நாட்கள் அவை. மனைவியின் வீட்டில் ஒரு மண்டபம், ஒரு அறை, ஒரு குசினி. மண்டபத்தில் மாமாவும் மாமியும் படுப்பார்கள், குசினிக்குப் பக்கத்தில் மனைவியின் தங்கைமார் மூன்று பேர். அறை எங்களுக்கு. அதற்குக் கதவு கிடையாது, பழைய சேலைதான் தொங்கும். நான் உள்ளே தும்மினால் வெளியிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் வந்துவிடும். அவ்வளவு அன்பான வீடு. மனைவியோடு தனியாக ஒரு வார்த்தை பேசுவதென்றால் வெளியே போனால்தான் உண்டு.

அதனால் பின்னேரங்களில் நடக்கப் போனோம். ஊர் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் மணற்பாதை. இரண்டு பக்கமும் தாழை. நான் முன்னால், அவள் பின்னால். சோடியாகக் கைகோத்து நடக்கிற வழக்கம் ஊரில் அப்போது இல்லை, இப்போதும் பெரிதாக இல்லை. வீட்டில் வாயே திறக்காதவள் அந்தப் பாதையில் இறங்கினால் வாயை மூடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குப் பட்டப்பெயர் வைத்தது, தங்கைமாரின் சண்டை, நான் பெண் பார்க்க வந்த அன்று கதவிடுக்கால் என்னைப் பார்த்துவிட்டு "காது பெரிசு" என்று சொன்னது, எல்லாம் எனக்குப் பின்னாலிருந்து வரும். திரும்பிப் பார்த்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள் என்று நான் திரும்பாமலே நடப்பேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான காலம் இருந்ததென்று நான் நினைக்கவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர் சைக்கிளில் குரும்பைக் குலை கட்டி வைத்து இளநீர் விற்றுக்கொண்டு நிற்பார். இரண்டு வெட்டச் சொல்வேன். "எனக்கு வேணாம், நீங்க குடிங்க" என்பாள். வற்புறுத்தினால் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு என் கையில் தந்துவிடுவாள். இரண்டையும் நானே குடிப்பேன். இந்தக் கதையை நான் எத்தனையோ கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். மனைவி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று புது மாப்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

பாதி வழியில் ஒரு பெரிய புன்னை மரம் நின்றது. அதற்கு அங்கால் கொஞ்சத் தூரம் போனால் முகத்துவாரம், ஆறு கடலில் விழுகிற இடம். நான் ஊர்ப் பொடியன்களோடு தூண்டில் போடப் பல தடவை அங்கே போயிருக்கிறேன். அங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவி அதைப் பார்த்ததில்லை. "சின்னனில இருந்து ஆசை" என்பாள். ஆனால் புன்னை மரத்தடிக்கு வந்ததும், "போதும், கிறுகுவம்" என்று திரும்பிவிடுவாள். யானைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அந்தக் காட்டில் யானை இருந்தது உண்மைதான். ஆகவே நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு சண்டை திரும்பி வந்து எங்களையே ஊரைவிட்டுக் கொண்டுபோனது. கூடாரம், தகரக் கொட்டில் எல்லாம் பார்த்து ஊருக்குத் திரும்பினோம். நான் முன்பு பார்த்த தபால் கந்தோர் வேலையைத் தொடர்ந்தேன், பிள்ளைகள் படித்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இடையில் சிக்குன்குனியா வந்து அவளுடைய முழங்கால்களைப் பிடித்துக்கொண்டது. மணலில் கால் புதைந்தால் நோ தாங்கமாட்டாள். நடை நின்றுபோனது. நான் மட்டும் சில நாட்களில் புன்னை மரம் வரைக்கும் போய் நின்றுவிட்டு வருவேன். பின்னால் குரல் இல்லாத பாதையில் நடப்பது ஒரு நடையா?

அந்தக் காட்டையும் கரையையும் பூங்காவாக்கி, பாதையைத் திருத்தப்போகிறார்கள் என்று சென்ற வருடம் கதை வந்தது. கல் பதித்த பாதை, சதுப்புக்கு மேலே மரப்பாலம், உட்கார வாங்குகள், வாசலில் ரிக்கட் கொடுக்கும் அறை. ஊர்ச் சனத்தின் கருத்தைக் கேட்பதற்குப் பல்தேவைக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் முதல் ஆளாக எழும்பினேன். கால் மணலில் புதைய நடப்பதுதான் நடை, கல்லில் நடக்கப் பட்டினம் இருக்கிறது, எங்கள் பாதையை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்றேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது. ஆண்கள் பக்கத்தில் நன்றாகக் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓயுமுன் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஐயா, கக்கூசு எங்க வரப்போகுது?"

என் மனைவி. கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். வாசலில், வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் என்று பூங்கா அதிகாரி சொன்னார்.

"வாசல்ல என்னத்துக்கு? வீட்டில இருந்து வாற ஆக்கள் வீட்டிலயே போயிற்றுத்தானே வருவம். பாதி வழியிலதான் ஒண்டு வேணும். பொம்பிளையளுக்கு வேற. கதவும் கொண்டியும் ஒழுங்கா இரிக்கணும்."

முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருத்தி "ஓம், அது வேணும்தான்" என்றாள். இன்னொருத்தி தண்ணீர் வருமா என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முழுக்கக் கக்கூசுக் கதையாகிப்போனது. என் மணலையும் என் தழுதழுப்பையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் இறால் உரிக்க உட்கார்ந்தாள். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"ஊருக்கு முன்னால எனக்கு எதிராக் கதைக்கணுமா?"

"உங்களுக்கு எதிரா ஆரு கதைச்ச? கக்கூசுக்காகக் கதைச்சன்."

"எப்ப இருந்து உனக்கு இந்த யோசனை?"

"உங்களோட நடக்கத் தொடங்கின நாளில இருந்து."

அவள் இறாலை உரித்தபடியே தொடர்ந்தாள்.

"குரும்பை குடிச்சா வழியில முட்டும். மறுகா நான் எங்க போற?"

"காடு முழுக்க மறைவுதானே."

"மிதிவெடி கவனம் எண்டு சிவப்புப் பலகை நட்டு வச்சிருந்த காடு அது. பாதைய விட்டு ஒரு அடி இறங்கேலாது. நீங்க பாதையில நிண்டபடியே மரத்தப் பாத்துத் திரும்பி நிண்டீங்க. நான் என்ன செய்யிற?"

அந்தப் பலகைகள் எனக்கும் நினைவிருந்தன. மண்டையோட்டுப் படம் போட்ட பலகைகள். அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் நடந்தோம். நான் யானையையே நினைத்து, அவற்றை மறந்திருந்தேன்.

"அப்ப புன்னை மரத்தடியில கிறுகுறது?"

"அதுக்கு மேல தாங்கேலாது. வீட்டுக்கும் வந்து சேரணுமே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள."

"கலியாணம் முடிச்ச புதுசில மாப்பிள்ளைக்கிட்ட இதையா சொல்லுவாங்க? மறுகா பழகிப்போச்சு."

எனக்கு ஒன்று மட்டும் கேட்கவேண்டியிருந்தது. இந்த வயதில் கேட்க வெட்கமாகவும் இருந்தது. அப்படியென்றால் அந்தக் குரும்பையை விருப்பத்தில் தரவில்லையா என்று கேட்டேன். அவள் கையை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"விருப்பம் இல்லாமலா, நாக்கு ஒட்டுற தாகத்தோட அவ்வளவு தூரம் உங்களுக்குப் பின்னால வந்தன்?"

அன்று இறால் சொதி வைத்திருந்தாள். நல்ல சொதி. நான் போற்றி வைத்திருந்த பின்னேரங்கள் பொய்யாகிப் போகவில்லை. ஆனால் அவற்றில் பாதியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்றப் பாதியை அவள் எனக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மறுநாள் பூங்காக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி என்னைக் கண்டதும் சிரித்தார். "நேற்றுப் பாதையில கை வைக்க வேணாம் எண்டீங்க, இண்டைக்கு என்ன ஐயா?" என்று கேட்டார். பாதி வழியில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம், அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நான் விடவில்லை, எறும்பூரக் கல்லும் தேயும் என்று போய்ப் போய் நின்றேன். தபால் கந்தோரில் வேலை செய்தவனுக்கு வரிசையில் நிற்கிறவனின் பொறுமையும் தெரியும், அவன் கொடுக்கிற அரியண்டமும் தெரியும். கடைசியில் புன்னை மரத்துக்குக் கிட்ட ஒரு அறை கட்டச் சம்மதித்தார்கள். வேலை தொடங்கித் தாழையை வெட்டிச் சாய்த்தபோது வயிறு எரிந்தது, அதை மறைக்கமாட்டேன். அந்த மணல் இனிக் கிடைக்காது.

திறப்பு விழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு வேலை நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கல் பாதையில் முழங்கால் அவ்வளவு நோகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம் இருந்தது. மெல்ல நடந்து புன்னை மரத்தடிக்கு வந்தோம். பெண் படம் போட்ட கதவு, உள்ளே கொண்டியும் இருந்திருக்கும். வெளியே ஒரு ஆமைப்பூட்டுத் தொங்கியது.

அவள் பூட்டைப் பார்த்தாள். வந்த பக்கம் திரும்பினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை வாங்கில் இருத்திவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனேன். திறந்து விட்டால் பட்டினத்து ஆட்கள் பைப்பைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று காவலாளி சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். பைப் போனால் நானே வாங்கித் தருகிறேன், இப்போது திறப்பைத் தாருங்கள் என்று சத்தம் போட்டேன். தந்துவிட்டார். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். அவள் உள்ளே போய், முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ம், நடங்க" என்றாள்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கல் முடிந்துவிட்டது. மிகுதி வேலை அடுத்த கட்டத்தில் என்று பலகை நின்றது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றக் கையை என் தோளில் வைத்தாள். அங்கே ஒரு இளஞ்சோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். "பாக்கட்டும்" என்றாள். நோவோடு, நின்று நின்று, வந்து சேர்ந்தோம்.

முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தது. ஆவணி மாதம். மாரி மழையில் ஆறு நிரம்பினால்தான் மணலை வெட்டி நீரைக் கடலில் விடுவார்கள். இத்தனை தடவை வந்த எனக்கு அது தெரியும், அன்று யோசிக்கவில்லை. ஒரு பக்கம் அசையாத ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் வெறும் மணல் திட்டி. இதைப் பார்க்கவா அவளை இழுத்து வந்தேன் என்று மனம் விட்டுப்போனது.

அவள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கரைக்கு நடந்தே போகலாம் என்ன?"

நான் அதுவரை அந்தக் கரைக்குப் போனதில்லை. போனோம். அங்கே ஈரமணலில் கால் நீட்டி உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மழை வந்தா வெட்டிருவாங்க என்ன?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"அதுக்குள்ள தங்கச்சிமார் மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரணும். அவளுகளும் இன்னும் பாக்கல்ல."

"சரி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடிச்சு எல்லாருமா வருவம்."

"நீங்க என்னத்துக்கு? நீங்கதான் எத்தினையோ தரம் பாத்திட்டீங்களே."

குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கைமாரும் ஒரு பெரிய போத்தல் நிறையத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, வாசலில் திறப்பை வாங்கிக்கொள்வோம் என்று புறப்பட்டார்கள். நான் வீட்டில் இருந்து சோறு காய்ச்சி, கறி வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கா வாசல் பூட்டுகிற நேரம் வரைக்கும் நாலு பேரில் ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை; அங்கே கதைக்க அவர்களுக்கு அவ்வளவு இருந்திருக்கிறது.