ஒரு கை கோதுமை

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. செக்கர் என்றால் அவள்தான். தைத்து வரும் சட்டையை விளக்கடியில் விரித்து காலர், கை, பட்டன் துளை என்று விரல் ஓட்டிப் பார்ப்பாள். ஊசி தவறிய இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். இருபத்திரண்டு வருடமாகக் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். தையல்காரிகளில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எனக்கும் முதலில் ஆகாதுதான். ஆனால் பக்கத்து மேஜையில் இஸ்திரி போடுகிறவள் நான். எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது?

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு உடம்பு இளைத்தது. சாப்பிட்டதெல்லாம் வயிற்றில் தங்காமல் போயிற்று. ஆறு மாதம் அலைந்த பிறகு ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவள் குடலுக்கு விஷமாம். பார்லியும் ஆகாது. ஆயுசுக்கும் தொடக்கூடாது, துளி மாவு பட்டாலும் போதும் என்று சொல்லிவிட்டார். அவளோ மூன்று வேளையும் ரொட்டி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதவள்.

"மக்காச்சோளம் சாப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள்.

"தாராளமா. சோளத்துல அது கிடையாது. ஆனா சோளத்தோட வேற எது சேருதுன்னு பாத்துக்கங்க."

அது போதும் அவளுக்கு. பாக்கெட்டின் பின்பக்கத்தைச் சட்டைத் தையலைப் போலப் படிப்பாள். ஒரு சோள அவல் டப்பாவில் பொடி எழுத்தில் பார்லி மால்ட் என்று இருந்ததைக் கண்டுபிடித்துக் கடைக்காரரோடு அரை மணி நேரம் சண்டை போட்டாள். பிறகு பாக்கெட்டே வேண்டாம் என்று முழுச் சோளம் வாங்கி மில்லில் கொடுத்து அரைத்தாள். அந்த மில்லிலும் கோதுமைக்குத் தனி மெஷின் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் டப்பாவை நீட்டினாள். சோள ரொட்டி கோதுமை போல இழுத்துப் பிடிக்காது, திருப்பும்போதே உடைந்துவிடும். உடைந்ததை அள்ளித் தின்றாள்.

அப்போது அவள் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மனைவி இவளுக்கென்று தனிக் கல், தனிக் கரண்டி வைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோளமாவைத் தொடுவாளாம். அப்படியும் மாதம் ஒரு தடவையாவது வயிறு புரட்டியெடுத்தது. செக்கரின் கண் சும்மா இருக்குமா? வீட்டுக்குள்ளேயே குற்றம் தேடியது.

"உன் கையிலதாம்மா கோதுமை இருக்கு. நான் இங்க இருக்கறது பிடிக்கலைன்னா வாய விட்டுச் சொல்லு, வயித்துல போடாத" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தம்பி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் வாசலில் நின்றான். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பெனிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பிடித்தாள்.

நான் அந்த அறைக்குப் போயிருக்கிறேன். ஒரு அடுப்பு, ஒரு கல், ஒரு தட்டு. இரண்டாவது தட்டு இல்லாததால் எனக்கு மூடியில்தான் சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பேச்சுச் சத்தத்துக்காக ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியிலும் மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார, இவள் எவளுடைய ரொட்டித் தூளாவது பறந்து வந்துவிடும் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள். திமிர் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தனியாக வந்த பிறகும் வயிறு அடங்கவில்லை. இதை அவள் என்னிடம் சொல்லவே ஒரு வருடம் ஆயிற்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு முதல் மாசமே தெரிஞ்சிருக்கு. போய்ச் சொல்றதுக்கு என்ன?"

"என்னன்னு சொல்றது? உன் தப்பு இல்ல, ஆனா யார் தப்புன்னு தெரியலைன்னா? எந்த இடம்னு தெரியாம ஸ்டிக்கர் ஒட்ட முடியாதுடி."

இந்தத் திமிருக்கு மருந்து எந்த டாக்டரிடமும் கிடையாது. இப்படியே இன்னொரு வருடமும் ஓடியது.

வழக்கமாகக் காலையில் டப்பாவை மில்லில் வைத்துவிட்டு, வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொள்வாள். அன்று கரண்ட் இல்லாமல் கம்பெனியைப் பாதியில் மூட, மத்தியானமே மில்லுக்குப் போய் நின்றாள். மில்காரர் அவள் சோளத்தைக் கையில் எடுத்தார். உடனே போடவில்லை. பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு கை கோதுமையை அள்ளி மெஷினில் போட்டு ஓட்டினார். அதன் பிறகுதான் சோளத்தைக் கொட்டினார்.

"என்னய்யா போட்டீங்க?"

"உங்களுக்காகத்தாம்மா. இதுல மிளகா அரைச்சிருப்போம்ல, அந்தக் காரம் போகணும்னா கோதுமைதான் சரி. வயித்துக்கு ஆகாது, சுத்தமா அரைங்கன்னு நீங்க சொன்ன நாள்லேருந்து உங்க டப்பாவுக்கு மட்டும் மறக்காம பண்றேன்" என்றார் பெருமையாக.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கோதுமை மெஷின் தனியா என்று கேட்டவள், ஏன் கேட்கிறாள் என்பதைச் சொல்லவில்லை; வியாதியை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வயிறு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இவள் சுத்தம் சுத்தம் என்று படுத்தப் படுத்த, அவர் இன்னும் ஒரு கை சேர்த்துப் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் மனுஷர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றுதான் கேட்டாராம்.

பிறகு வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்தாள். இரண்டு மாதம் வயிறு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் விளக்கடியில் சட்டையை விரித்துவைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே என்னிடம் சொன்னாள்.

தம்பி வெளியே போயிருந்தான். அந்தப் பெண் கதவைத் திறந்து, உள்ளே வாங்கக்கா என்றாள். இவள் நின்றபடியே மில், மிளகாய், ஒரு கை கோதுமை எல்லாவற்றையும் சொல்லி, "தப்பு என்னோடதும்மா, உன் கையில ஒண்ணும் இல்ல" என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நானே நம்பிட்டேன்க்கா. எப்பக் கழுவாம விட்டேன், எப்பக் கழுவாம விட்டேன்னு ரெண்டு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்" என்றாளாம்.

மத்தியானம் ஆகிவிட்டது. அடுப்பில் சோறு கொதிக்கிற வாசனை வந்தது. வெறும் சோறு, இவள் தாராளமாகச் சாப்பிடக்கூடியது. அந்தப் பெண் உள்ளே போனாள். ஒரு தம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தண்ணி மட்டும் குடிங்கக்கா. சாப்பாடு போட எனக்குப் பயமா இருக்கு."

குடித்துவிட்டு வந்துவிட்டாளாம். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போகப் போகச் சரியாகும் என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஒரு வாய் போட்டிருந்தா, அதுல கோதுமையே இருந்தாலும் தின்னுட்டு வந்திருப்பேண்டி" என்றாள்.